உள்ளே ஓடுவது தெரியும் கைக்கடிகாரம்: சேலத்தில் முதல்முறை வாங்குபவருக்கான வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, கடந்த பல ஆண்டுகளாகச் சாவிக் கடிகாரங்களில் ஈடுபாடு கொண்டவன் நான். ஆகவே கடிகாரம் வாங்க நினைக்கும் உறவுக்காரப் பிள்ளைகளும் நண்பர்களின் தம்பிகளும் பட்டறைக்கே வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை, டயலில் ஒரு பகுதியோ முழுவதுமோ வெட்டி எடுக்கப்பட்டு, உள்ளே பல்சக்கரங்கள் சுழல்வது தெரியும் கடிகாரங்களாகவே இருக்கின்றன. அவர்கள் அழகைப் பற்றிக் கேட்கிறார்கள், நான் முதலில் திருப்பிக் கேட்பது, "இதை நம் ஊரில் யார் கழற்றிப் பூட்டுவார்கள், தம்பி?" என்பதுதான். சாதாரணக் கடிகாரத்தில் இயந்திரம் சுமாராக இருந்தாலும் டயல் அதை மறைத்துவிடும். திறந்த கடிகாரத்திலோ இயந்திரமே முகமாக இருப்பதால், வாங்குபவர் இயந்திரத்தையும் அதைப் பழுது பார்க்கும் வசதியையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே உறையையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஏமாந்ததைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை அறிதல்

சாவிக் கடிகாரத்தின் ஆற்றல் ஒரு சிறிய உருளைப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. பிறகு மெல்ல விரிந்து, ஒன்றையொன்று தள்ளும் நான்கைந்து பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் எஸ்கேப்மென்ட் என்ற அமைப்பு, அந்த ஆற்றலை ஒரேயடியாக வெளியே விடாமல், ஒவ்வொரு பல்லாக எண்ணி விடுகிறது. அந்த எண்ணிக்கைக்குத் தாளம் போடுவது பேலன்ஸ் சக்கரமும், அதன் நடுவே முடியைவிட மெல்லியதாகச் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கும் ஆகும். இப்போது விற்கும் நடுத்தர விலைக் கடிகாரங்களில் பேலன்ஸ் சக்கரம் பெரும்பாலும் மணிக்கு 21,600 முறை அல்லது 28,800 முறை ஆடுகிறது; அதாவது நொடிக்கு 6 அல்லது 8 துடிப்புகள். 21,600 என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 5,18,400 துடிப்புகள் வருகின்றன. ஒரு நாளில் 20 விநாடி பிசகினால்கூட, அத்தனை துடிப்புகளுக்கு நடுவே அது எவ்வளவு சிறிய பிழை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பொருளின் மீது தானாகவே மரியாதை வந்துவிடும்.

ஓப்பன் ஹார்ட் எனப்படுவது, டயலில் ஒரு சாளரம் மட்டும் வெட்டி, அதன் வழியே இந்தப் பேலன்ஸ் சக்கரம் துடிப்பதைக் காட்டும் வகை. ஸ்விட்சர்லாந்தின் ஃபிரெடரிக் கான்ஸ்டன்ட் நிறுவனம் 1994-இல் 'ஹார்ட் பீட்' என்ற பெயரில் இப்படி ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. அதற்குக் காப்புரிமை பெறாமல் விட்டதால், பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. ஸ்கெலிட்டன் என்பது அதைவிடப் பழையது, கடினமானது. டயலை நீக்குவதோடு நில்லாமல், சக்கரங்களைத் தாங்கும் அடித்தட்டையும் அவற்றை மேலிருந்து பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ்கள் என்ற தகடுகளையும் தேவையான உலோகம் மட்டும் எஞ்சும்படி அறுத்தெடுப்பதே உண்மையான ஸ்கெலிட்டன் வேலை. டயலுக்குப் பதிலாக ஒரு வளையத்தை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் தட்டை அப்படியே காட்டுவதையும் ஸ்கெலிட்டன் என்றே விற்கிறார்கள். விலை குறைவாக இருந்தால் அதில் தவறில்லை, ஆனால் வேறுபாடு தெரிந்து வாங்க வேண்டும்.

இவை இரண்டும் வேண்டாம், எப்போதாவது இயந்திரத்தைப் பார்த்தால் போதும் என்று நினைப்பவருக்கு, மூடிய டயலும் பின்பக்கம் கண்ணாடியும் கொண்ட கடிகாரமே பொருத்தமானது. அதே பணத்துக்கு நல்ல இயந்திரம் கிடைக்கும். மணியும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: போலியை ஒதுக்குதல்

செல் போட்டு ஓடும் கடிகாரத்தின் டயலில் பல்சக்கரப் படத்தை அச்சிட்டோ, அசையாத சக்கரங்களை ஒட்டியோ, ஸ்கெலிட்டன் என்று விற்பது இணையத்திலும் கடைவீதியிலும் நடக்கிறது. கடிகாரத்தைக் கையில் வாங்கியதும், சாவியைப் பத்துப் பதினைந்து சுற்றுக் கொடுத்துப் பாருங்கள். பேலன்ஸ் சக்கரம் இருபுறமும் மாறி மாறி வேகமாக ஆட வேண்டும். ஒரே திசையில் சோம்பலாகச் சுற்றும் அலங்காரச் சக்கரம் பேலன்ஸ் அன்று. விநாடி முள் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு முறை தாவி நின்றால், அநேகமாக அது செல் கடிகாரம். சாவிக் கடிகாரத்தில் அது சிறு சிறு அடிகளாக வழுக்கிச் செல்வது போலத் தெரியும்.

டூர்பியோன் என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். அது ஆபிரகாம் லூயி பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அதில் பேலன்ஸும் எஸ்கேப்மென்ட்டும் ஒரு கூண்டுக்குள் அமர்ந்து, அந்தக் கூண்டு முழுவதுமே, பொதுவாக நிமிடத்துக்கு ஒரு முறை, சுழலும். நாலாயிரம் ரூபாய்க் கடிகாரத்தின் பெட்டியில் அந்தச் சொல் இருந்தால், உள்ளே இருப்பது ஓப்பன் ஹார்ட் மட்டுமே என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரைச் சூட்டிய விற்பனையாளர் சொல்லும் மற்ற விவரங்களையும் அதே அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாம் படி: மணி தெரிகிறதா என்று பார்த்தல்

இந்த வகைக் கடிகாரத்தின் பெரிய குறை இதுதான். பின்னணியில் நூறு விளிம்புகள் மின்னும்போது, வெள்ளி நிற முட்கள் அவற்றோடு கலந்து மறைந்துவிடுகின்றன. கடையின் பளிச்சென்ற விளக்கில் இது தெரியாது. ஆகவே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் ஒரு முறையும் நிழலில் ஒரு முறையும், கையை வழக்கமான தூரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் மணியைச் சொல்ல முடியவில்லை என்றால் அதை வாங்க வேண்டாம். இயந்திரம் வெள்ளை நிறமாக இருந்தால் முட்கள் நீலமாகவோ கறுப்பாகவோ இருப்பது நல்லது. கறுப்புப் பூச்சுக் கொடுத்த இயந்திரத்தின் மீது வெள்ளை அல்லது பொன்னிற முட்கள் எடுப்பாகத் தெரியும். இருட்டில் ஒளிரும் பூச்சு முட்களில் இருந்தால் கூடுதல் நன்மை.

முழு ஸ்கெலிட்டனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இயந்திரத்தின் இடைவெளிகள் வழியே அணிபவரின் தோலும் முடியும் தெரியும். சிலருக்கு இது பொருட்டே இல்லை. சிலர் வாங்கிய மறுநாளே இதற்காக வருந்தியிருக்கிறார்கள். என் கருத்தில், ஒரே ஒரு கடிகாரம் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறவர் ஓப்பன் ஹார்ட் வாங்குவதே சரி. அன்றாடம் மணி பார்க்க வேறொன்று இருப்பவர் முழு ஸ்கெலிட்டனுக்குத் தாராளமாகப் போகலாம்.

நான்காம் படி: இயந்திரத்தின் பெயரைக் கேட்டல்

கடைக்காரர்கள் 'மிஷின்' என்று சொல்லும் அந்த இயந்திரத்துக்கு ஒரு பெயரோ எண்ணோ இருக்கும். அதைச் சொல்ல இயலாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். முதல்முறை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. செய்கோ குழுமம் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் என்.எச். 38 ஓப்பன் ஹார்ட்டுக்காகவே அமைந்தது. அதே குடும்பத்தின் என்.எச். 70, என்.எச். 72 ஆகியவை ஸ்கெலிட்டன்கள். மூன்றும் மணிக்கு 21,600 துடிப்புடன், முழுச்சாவியில் ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடும். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 82எஸ்0 ஓப்பன் ஹார்ட், 8என்24 ஸ்கெலிட்டன், இவையும் அதே வேகம், ஏறத்தாழ 42 மணி நேரம். இவை எல்லாம் கையின் அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகை. மியோட்டாவின் இந்த வரிசையில், அதற்காகச் சுழலும் ரோட்டார் என்ற எடைத்தகடு ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே சாவி ஏறும். மறுதிசையில் அது தடையின்றிச் சுழல்வதால் கையில் ஓர் அதிர்வு தெரியும், அது பழுதன்று. இவற்றில் நாளொன்றுக்கு 40 விநாடி முந்துவதும் 20 விநாடி பிந்துவதும் நிறுவனமே ஏற்கும் வரம்புக்குள் வரும். நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன.

ஓட்ட நேரத்தை வெறும் எண்ணாகப் பார்க்காமல் உங்கள் வாரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்தால், 41 மணி நேரக் கடிகாரம் ஞாயிறு பிற்பகல் 1 மணியளவில் நின்றுவிடும். 80 மணி நேரக் கடிகாரம் செவ்வாய் விடியற்காலை வரை ஓடும். திங்கள் காலை அவசரத்தில் மணி வைத்துக்கொண்டிருக்க விரும்பாதவருக்கு இந்த வேறுபாடு பெரியது. எனக்கோ, திங்கள் காலையில் நின்ற கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சக்கரம் உயிர் பெறுவதைப் பார்ப்பதுதான் அந்த நாளின் நல்ல தொடக்கம்.

ஐந்தாம் படி: வேலைப்பாட்டை லென்ஸில் பார்த்தல்

இதில் சேலத்துக்காரர்களுக்குத் தனி வசதி இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் தகட்டை அறுக்கப் பயன்படும் கம்பி வாளும், கையால் ஸ்கெலிட்டன் செய்யும் ஸ்விஸ் தொழிலாளி பிரிட்ஜை அறுக்கப் பயன்படுத்தும் வாளும் ஒரே வகைதான்: தகட்டில் முதலில் ஒரு துளை போட்டு, அதில் மெல்லிய வாளைக் கோத்து, கோட்டின் மீதே அறுத்துக்கொண்டு போய், பிறகு அரத்தால் விளிம்பைச் சீராக்க வேண்டும். வெள்ளி வேலையில் பழகிய ஒருவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவரையும் பத்து மடங்கு லென்ஸையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடிகாரம் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், அறுத்த விளிம்பைப் பார்த்ததும் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடுவார்.

பார்க்க வேண்டிய இடம் உள்மூலைகள். சுழலும் வெட்டுக்கருவி எவ்வளவு சிறியதானாலும் உள்மூலையில் ஒரு வளைவை விட்டுவிடும்; இரண்டு கோடுகள் கூர்மையாகச் சந்திக்கும் உள்மூலையை மெருகோடு உருவாக்க வேண்டுமானால் அரம் பிடித்த கை வேண்டும். எனவே கூர்மையான, சாய்த்து மெருகிட்ட உள்மூலைகள் பல லட்சம் ரூபாய்க் கடிகாரத்தின் அடையாளம். ஐம்பதாயிரம் ரூபாய்க் கடிகாரத்தில் அதைத் தேடுவது நியாயமன்று. ஆனால் எந்த விலையிலும் பிசிறு இருக்கக் கூடாது. விளிம்பில் முள் முள்ளாக உலோகம் நீட்டிக்கொண்டிருந்தால், அது என்றாவது உதிர்ந்து பல்சக்கரத்துக்கு நடுவே விழும். பூ வேலை, இலை வேலை என்று நெருக்கமாக இழைத்திருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அது செதுக்கப்பட்டதா, அச்சால் அழுத்தப்பட்டதா என்பதைக் கோட்டின் அடிப்பகுதி காட்டிவிடும். செதுக்கிய கோட்டின் அடி பளபளவென்று வெட்டுப்பட்டிருக்கும். அழுத்திய கோட்டின் அடி மழுங்கி, மங்கலாக இருக்கும். குறைந்த விலையில் சிறந்தது, அலங்காரம் ஏதுமின்றி, நேர் கோடுகளாகச் சுத்தமாக வெட்டி, ஒரே திசையில் தேய்த்து விடப்பட்ட இயந்திரமே.

உறை, கண்ணாடி, வார்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரோடு வளர்ந்த நமக்கு எஃகில் தரங்கள் உண்டு என்பது தெரியும். கடிகார உறைக்கு 316எல் என்ற தரம் வேண்டும், ஏனென்றால் அதில் சேர்க்கப்படும் மாலிப்டினம் வியர்வையின் உப்பைத் தாங்க உதவுகிறது. பொன் முலாம் பூசிய மலிவான உறை நம் ஊர்க் கோடையில் ஓரங்களில் வெளுத்துவிடும். கண்ணாடி சஃபையராக இருந்தால் எளிதில் கீறல் விழாது. இந்த வகையில் பார்ப்பதற்காகவே பணம் கொடுப்பதால், முடிந்த வரை அதற்குச் செலவிடலாம். 3 ஏடிஎம் அல்லது 30 மீட்டர் என்று எழுதியிருந்தால், கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். மேட்டூரில் குளிக்கவோ ஏற்காட்டு மழையில் நனையவோ அது போதாது. தோல் வார் மார்ச் முதல் ஜூன் வரை வியர்வையில் ஊறி நாற்றம் எடுக்கும்; அந்த மாதங்களுக்கு எஃகுச் சங்கிலியையோ ரப்பர் வாரையோ மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கெலிட்டன்கள் பெரிய உறையில் வருவது வழக்கம் என்பதால், அதன் நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டிப் பிதுங்குகிறதா என்பதைக் கட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: பணத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

கீழே சொல்லும் தொகைகள் எல்லைக்கோடுகள் மட்டுமே; மாதிரியையும் கடையையும் தள்ளுபடியையும் பொறுத்து விலை மாறும்.

ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே பெயர் தெரியாத இயந்திரங்களோடு எண்ணற்ற ஸ்கெலிட்டன்கள் கிடைக்கின்றன. நான் வாங்கிய முதல் கடிகாரம் அந்த வகைதான். இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி, ஏழு மாதம் ஆசையாகக் கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்காடு ஏறி ஏரிக்கரையில் நின்று மணி பார்த்தபோது, அது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ நின்றுபோயிருந்தது. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த முதியவர் ஒருவர் அதைத் திறந்து, லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார்: எண்ணெய் இட வேண்டிய இடங்கள் காய்ந்திருந்தன, அறுத்த தூள் பல்லிடுக்கில் ஒட்டியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்யும் கூலி கடிகாரத்தின் விலையை நெருங்கும் என்றும், ஏதாவது பாகம் தேவைப்பட்டால் அது கிடைக்காது என்றும் அவர் நேர்மையாகச் சொன்னார். ஆகவே இந்த விலையில் அன்றாடம் அணியும் கடிகாரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் மட்டும் வாங்கலாம். உண்மையில், அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய எச்.எம்.டி. சாவிக் கடிகாரம் மேலானது. 1961-இல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கழற்றத் தெரிந்த கைகள் சேலத்தில் இன்னும் இருக்கின்றன. அது திறந்த கடிகாரம் அல்ல என்பது உண்மை; ஆனால் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஓடுவதைப் பார்க்கலாம், பாகங்களும் கிடைக்கும். டயலைப் புதிதாக வண்ணம் பூசி விற்பவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை உள்ள இடம்தான் பெரும்பாலான புதியவர்களுக்குப் பொருந்தும். டைட்டன் நிறுவனம் தன் ஆட்டோமேட்டிக் வரிசையில் இயந்திரம் தெரியும் மாதிரிகளை வைத்திருக்கிறது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது; 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் நம் பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றுவதுண்டு. சொந்தம் ஒருபுறமிருக்க, நடைமுறைக் காரணம் வலுவானது: வாங்கிய கடை நம் ஊரிலேயே இருப்பதால், வாரண்டிக் காலத்தில் ஒரு நகரப் பேருந்துப் பயணத்தில் போய்க் கேட்கலாம். இதே விலையில், மியோட்டா அல்லது என்.எச். இயந்திரம் பொருத்திய சிறு நிறுவனக் கடிகாரங்களும் கிடைக்கின்றன. இயந்திரம் பரவலானது என்பதால், பழுது பெரிதானால் முழு இயந்திரத்தையே மாற்றிவிடலாம் என்பது அவற்றின் நன்மை.

இருபதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் இடையே ஜப்பானியக் கடிகாரங்களின் ஆட்சிதான். ஓரியன்ட் நிறுவனத்தின் பாம்பினோ ஓப்பன் ஹார்ட், அந்த நிறுவனமே செய்யும் இயந்திரத்தோடு வருகிறது. சாளரம் அளவாக இருப்பதால் மணி தெளிவாகத் தெரியும், வேட்டிக்கும் சட்டைக்கும் ஒத்துப்போகும். செய்கோவின் பிரசாஜ் வரிசையில் டயலின் வேலைப்பாடு ஒரு படி மேல். திருமணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாங்கித் தர எது நல்லது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றையே சொல்லிவருகிறேன். சொல்லியதற்காக இதுவரை வருந்த நேர்ந்ததில்லை.

அறுபதாயிரத்தைத் தாண்டி ஒன்றேகால் லட்சம் வரை சென்றால், டிஸ்ஸோவின் பவர்மேட்டிக் 80 ஓப்பன் ஹார்ட்டும் ஹாமில்டனின் ஜாஸ்மாஸ்டர் ஓப்பன் ஹார்ட்டும் எதிர்ப்படும். இரண்டு இயந்திரங்களும் ஒரே குடும்பம்: ஈட்டிஏ என்ற ஸ்விஸ் இயந்திர நிறுவனத்தின் பழைய 2824 இயந்திரத்தின் துடிப்பை 28,800-இலிருந்து 21,600-ஆகக் குறைத்து, ஓட்டத்தை 80 மணி நேரமாக நீட்டியிருக்கிறார்கள். பவர்மேட்டிக்கின் சில வகைகளில் எஸ்கேப்மென்ட் பாகங்கள் செயற்கைப் பொருளால் ஆனவை. அவை நன்றாகவே ஓடினாலும், தெருவோரப் பழுதுபார்ப்பவர் கைவைக்க இயலாது, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே அனுப்ப வேண்டும். வாங்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஜாஸ்மாஸ்டரில் டயல் பல இடங்களில் பெரிதாக வெட்டப்பட்டிருப்பதால், ஓப்பன் ஹார்ட்டுக்கும் ஸ்கெலிட்டனுக்கும் நடுவே ஒன்றை விரும்புபவருக்கு அது ஏற்றது.

அதற்கு மேலே செல்பவர் புதியவராக இருப்பது அரிது என்பதால் விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்: டிஸ்ஸோவின் டி-காம்ப்ளிகேஷன் ஸ்குலெட் என்ற கடிகாரத்தில் இருப்பது, சட்டைப்பைக் கடிகாரத்துக்காகப் பிறந்த, 36.6 மில்லிமீட்டர் அகலமுள்ள யூனிடஸ் 6497 வகைக் கைச்சாவி இயந்திரம். சக்கரங்கள் பெரியவை, ரோட்டார் குறுக்கே நின்று மறைப்பதில்லை. ஸ்கெலிட்டன் என்றால் என்ன என்பதை ஒரு குழந்தைக்குக் காட்ட வேண்டுமானால், நான் இதைத்தான் காட்டுவேன். ஓரியன்ட் ஸ்டார் நிறுவனத்தின் கைச்சாவி ஸ்கெலிட்டன்களில் புதியவை, சிலிக்கானால் செய்த எஸ்கேப் சக்கரத்தோடு 70 மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. அவற்றையும் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஏழாம் படி: கடையிலும் வீட்டிலும் சோதித்தல்

கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் என்னும் கருவி உள்ள கடையாக இருந்தால், முழுச்சாவி கொடுத்து அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேலன்ஸ் ஆடும் வீச்சு 250 பாகைக்கு மேல் இருந்தால் நிம்மதி. 200-ஐ நெருங்கினால் புதிய கடிகாரமானாலும் வேண்டாம். பேலன்ஸ் இருபுறமும் ஆட எடுக்கும் நேரங்களின் வேறுபாட்டைக் காட்டும் பீட் எரர் என்ற எண் 1 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால், வாங்கிய அன்று இரவு கைபேசி நேரத்தோடு விநாடி வரை பொருத்தி, மறுநாள் அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்து வைத்தால் அதன் போக்கு புரியும். தேதியிட்ட பில், முத்திரையிட்ட வாரண்டி அட்டை, சர்வீஸ் எந்த ஊரில் நடக்கும் என்பதற்கான தெளிவான விடை ஆகிய மூன்றையும் பெற்றுக்கொண்டே பணம் கொடுங்கள். சில நிறுவனங்களுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். அது குறையன்று, முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

எட்டாம் படி: நம் ஊர்ச் சூழலில் பராமரித்தல்

நின்றுபோன ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை உலுக்கி எழுப்ப வேண்டாம்; இருபது முப்பது சுற்றுச் சாவி கொடுத்து, பிறகு கட்டிக்கொள்ளுங்கள். தேதி காட்டும் கடிகாரமாக இருந்தால், இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை முட்கள் நிற்கும்போது தேதியை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிணைந்திருக்கும்.

காந்தம் உண்மையான பகை. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால், கடிகாரம் திடீரென்று நாளைக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கும். நம் கஞ்சமலையின் இரும்புத் தாதே மேக்னடைட் என்னும் காந்தக் கல் வகைதான். ஆனால் மலைக்குப் போய்வந்தால் கடிகாரம் கெடாது. கெடுப்பவை காந்தம் வைத்த கைபேசி உறையும், ஒலிபெருக்கியும், இண்டக்ஷன் அடுப்பும். அப்படி முந்தினால் பதற வேண்டாம். காந்தம் நீக்கும் சிறு கருவி பெரும்பாலான பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கிறது, ஒரு நிமிட வேலை.

ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் நுழையும்போது, வெப்பக் காற்றை உள்ளே வைத்திருக்கும் உறை சட்டென்று குளிர்கிறது. அடைப்பு ரப்பர் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டம் படிந்து, சில நிமிடங்களுக்குப் பிறகும் கலையாமல் இருந்தால், ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அரிசிப் பானைக்குள் புதைப்பது போன்ற வைத்தியங்களைச் செய்யாமல், மறுநாளே திறந்து உலர்த்தக் கொடுங்கள். திறந்த கடிகாரத்தில் துருப்புள்ளி ஒன்று விழுந்தாலும் அது ஆயுள் முழுவதும் கண்ணில் படும். வண்டியின் அதிர்வைத் தாங்க, பேலன்ஸின் அச்சுக்கு இன்கேப்ளாக், டயாஷாக், பாராஷாக் போன்ற அதிர்வுத் தாங்கிகள் உள்ளன. அவை பெயர் தெரியாத இயந்திரங்களிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதால்தான் இயந்திரத்தின் பெயரை முன்பே கேட்கச் சொன்னேன்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றி சர்வீஸ் செய்ய வேண்டும். அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, கூலியைக் கேட்பதற்கு முன் அவர் வேலை செய்வதைச் சற்று நேரம் நின்று பாருங்கள். டயல் மூடிய கடிகாரத்தில் விரல் பட்டாலும் வெளியே தெரியாது. திறந்த கடிகாரத்தின் பிரிட்ஜில் வெறும் விரல் பட்டால், வியர்வையின் உப்பு மெருகை அரித்து, சில மாதங்களில் ரேகை பழுப்பாகப் பதிந்துவிடும். விரல் நுனியில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குவளைக்கு அடியில் மூடி வைப்பவராக இருந்தால், அவரிடம் உங்கள் கடிகாரத்தைக் கொடுக்கலாம்.